இடம் மாறிய வலி

வலது தோளில்தான் வலித்தது.
பதினேழு வருடம் ஸ்டியரிங் பிடித்த தோள்,
வலிக்காமல் என்ன செய்யும் என்று
கோடாரித் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு
பூன் லேயிலிருந்து முதல் பஸ்ஸை எடுத்தேன்.

ஆறாம் நாள் ராத்திரி
மூன்று போர்வைக்கு அடியில்
கட்டிலோடு சேர்ந்து ஆடினேன்.
ஈரக்குலை நடுங்குது என்பார்களே,
பேச்சுக்குச் சொல்கிறார்கள் என்றிருந்தேன்.

புளோக்குக்குக் கீழே கிளினிக்கில்
டெங்கியா என்று பார்த்தார்கள். இல்லை.
மூக்கைக் குடைந்து பார்த்தார்கள். அதுவும் இல்லை.
சர்க்கரை மட்டும் இருபத்திரண்டு.
அதைப் பற்றி எனக்கு ஏற்கெனவே தெரியும்,
தெரியாத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன்.

அவசரப் பிரிவில் விடிகாலை மூன்று மணி.
டாக்டர் நஸ்ரீனா தோளைத் தொடவே இல்லை.
விலா எலும்புக்குக் கீழே இரண்டு விரலை வைத்து
மூச்சை இழுக்கச் சொன்னாள்.
இழுத்தேன்.
குறுக்கே பிள்ளை ஓடிவந்தால் பஸ் நிற்குமே,
அப்படி நின்றது மூச்சு.

ஸ்கேன் படத்தில் என் ஈரல், சாம்பல் நிறம்.
அதற்குள் ஏழு சென்டிமீட்டருக்கு ஒரு கருப்பு.
சீழ் என்றாள்.
உதரவிதானத்தின் நரம்பும் தோளின் நரம்பும்
கழுத்தில் ஒரே ஸ்டாப்பில் ஏறுமாம்,
எது எங்கிருந்து வருகிறது என்று
மூளை கேட்பதில்லையாம்.

மரத்துப்போக ஓர் ஊசி, பிறகு நீளமாய் ஒன்று.
விலா இடுக்கில் குழாய், குழாயின் முனையில் பை.
பார்க்காதீங்க என்றாள் தாதி தின் தின் வே.
பார்த்தேன்.
வேகவைத்துக் கடைந்த பருப்பு.
அன்றைக்கு மட்டும் நூற்றெண்பது மில்லி.

மூன்றாம் நாள் கிருமிக்குப் பெயர் வந்தது.
கிளெப்சியெல்லா.
பொம்பளைப்பிள்ளைப் பெயர் மாதிரி இருக்கே
என்றாள் குணவதி, சிரிக்காமல்.
பெயர் தெரிந்ததும் மருந்தை மாற்றினார்கள்.

அப்புறம் தினமும் கண்ணைப் பற்றியே கேட்டார்கள்.
மங்கலாகத் தெரியுதா? கருப்புப் புள்ளி மிதக்குதா?
ஈரலுக்கும் கண்ணுக்கும் என்ன என்றேன்.
இந்தக் கிருமி ரத்தத்தில் ஏறிச்
சில பேருக்குக் கண்ணில் போய் இறங்கும்,
இறங்கினால் பார்வையே போகலாம் என்றாள்.
சாவுக்குப் பயப்படாதவன்
அப்போது பயந்தேன்.
ஏழாம் மாடி ஜன்னலில் நின்று
ஒரு கண்ணைப் பொத்தி, மறு கண்ணைப் பொத்தி
கீழே போகும் பஸ்களை வாசித்தேன்.
ஐம்பத்திரண்டு. தொண்ணூற்றெட்டு.
மழையில் ஒன்று தெரியவில்லை.
அது திரும்பி வரும்வரை
குழாயும் பையுமாக அங்கேயே நின்றேன்.

தொண்ணூறு, நாற்பது, பதினைந்து, ஐந்து.
குழாயை உருவினார்கள்.
ஆறு வாரம் கையில் ஊசிக்குழல்,
இடுப்புப் பையில் மருந்து பம்ப்,
ஈரச்சந்தைக்கும் அதோடுதான் போனேன்.

இப்போதும் தோள் வலிக்கிறது.
இது உண்மையிலேயே தோள்வலி.
குணவதி நம்புவதில்லை.
விளக்கை அணைத்த பிறகு
விலாவுக்குக் கீழே இரண்டு விரலை வைத்து
இழுங்க என்கிறாள்.
இழுக்கிறேன்.
இன்னும், என்கிறாள்.