விரல் நுழையும் அளவு

கொழும்புத்துறை றோட்டு முடிகிற பக்கம்
கூரை இல்லாத மாடிவீடு ஒன்று.
ஓட்டோவைப் பூவரசுக்குக் கீழ் விட்டால்
அவர்கள் தாங்களாகவே இறங்குவார்கள்.

முதலில் குரல் தாழும்.
பிறகு செருப்பைக் கழற்றுவதா என்று
ஒரு யோசனை.
ஒருத்தி கழற்றினாள். நெருஞ்சி.
திரும்பப் போட்டுக்கொண்டாள்.
பிறகு சுவர்.

பன்னிரண்டு வருடமாய்ப் பார்க்கிறேன்.
ஜெர்மன்காரர், கண்டியிலிருந்து வரும் வாத்திமார்,
கனடாவில் பிறந்து
தமிழை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் பெடியள்,
எல்லோரும் சன்னம் துளைத்த ஓட்டைக்குள்
விரலை விட்டுப் பார்க்கிறார்கள்.
சுட்டுவிரல். முதல் கணுவரைக்கும்.
உள்ளே என்ன இருக்குமென்று நினைக்கிறார்களோ.
சிலந்தி இருக்கும்.
ஒருதரம் இரண்டு ரூபாய்க் குற்றி இருந்தது,
யாரோ உண்டியல் என்று நினைத்திருக்கவேண்டும்.

கைபேசியை உயர்த்தினால்
பழக்கத்தில் முகம் சிரித்துவிடும்.
உடனே அதை அழிப்பார்கள்.
அந்த அரைச் செக்கனை
ஓட்டோக் கண்ணாடியில் நான் பிடித்துவிடுவேன்.

"எத்தனை பேர் செத்தது?"
யூட் அமலதாஸ் என்றால் பதினேழு என்பான்.
அவனுக்குப் பதினேழில் ஒரு விருப்பம்.
நான் தெரியாது என்பேன்.
மிச்சக்காசு குறைந்ததுபோல்
முகம் வாடும் அவர்களுக்கு.

பிறகு பசிக்கும்.
சத்தியமாய். பாலம் தாண்டமுன்னம் கேட்பார்கள்,
நல்ல நண்டுக்கறி எங்கே என்று.
சுவருக்குள் விட்ட அதே விரலால்
ஒருவன் நண்டுக்காலை உடைத்துச் சூப்பியதைக் கண்டு
அன்றைக்கு முழுக்க நான் அவனோடு கதைக்கவில்லை.
இரவு படுத்தபிறகுதான் ஞாபகம் வந்தது:
அப்பாவை எரித்துவிட்டு வந்து
தோய்ந்த தலை காயமுன்னம்
மூன்றுதரம் சோறு வாங்கினவன் நான்.
கத்தரிக்காய்ப் பால்கறி. அந்த ருசி
பிறகு ஒரு கலியாணவீட்டிலும் கிடைக்கவில்லை.

போன தை மாதம்
மச்சானின் வானில் தெற்குக்குப் போனோம்.
கடல் வந்து ரயிலைப் புரட்டின ஊர்.
ஒரு வீட்டுச் சுவரில் நீலக் கோடு,
தண்ணி நின்ற உயரம்.
ஒருவரும் சொல்லவில்லை,
நானாகப் போய் முதுகை ஒட்டி நின்றேன்.
கையை உயர்த்தினேன்.
எட்டவில்லை.
பெருவிரலில் எம்பினேன்.
ஒரு சாண் குறைந்தது.
அந்த ஒரு சாணுக்குள்
மூச்சை அடக்கியும் பார்த்தேன்,
ஏனென்று கேட்காதேங்கோ.

வாசலில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்த பொம்பிளை
நிமிர்ந்து பார்த்தாள்.
அந்தப் பார்வையை எனக்குத் தெரியும்.
பன்னிரண்டு வருடமாய் நான் பார்க்கிற பார்வை.

தெரிந்த அரைச் சிங்களத்தில் கேட்டேன்,
எத்தனை பேர் என்று.
வெட்கமாய்த்தான் இருந்தது,
கேள்வி அதுக்குமுன்னம் வாயைவிட்டுப் போய்விட்டது.

"தன்னெ நே."
தெரியாதாம்.
திரும்ப மிளகாயைப் புரட்டத் தொடங்கினாள்.

அவளுக்குத் தெரியும்.
எப்படிச் சொல்கிறேன் என்றால்
எனக்கும் தெரியும்:
நாலு.
மூத்தவள் என்னோடு ஆறாம் வகுப்பு,
கொம்பாசுப் பெட்டி இரவல் தருவாள்.

வானில் ஏறினதும்
மச்சாள் இடியப்பப் பொட்டலத்தைப் பிரித்தா.
முதலில் நீண்டது என் கை.

நாளைக்கு ஒன்பதரைக்கு ரயிலடியில் இரண்டு பேர்.
பிரான்சாம்.
கொண்டுபோவேன். பூவரசுக்குக் கீழ் நிற்பேன்.
கேட்டால் தெரியாது என்பேன்,
கொஞ்சம் மெதுவாய்.

அந்த ஓட்டைக்குள்
நான் மட்டும் இன்னும் விரல் விட்டுப் பார்க்கவில்லை.
என் விரல் கொஞ்சம் தடிப்பு.