பதினோராவது ஓட்டை

அக்டோபர் பிறந்ததும் சுப்பீரியர் ஏரி
தன் குளிரை ஊருக்குள் அனுப்பத் தொடங்கும்.
எலிகளுக்கு அது ஒரு வாரம் முன்பே தெரியும்.

"சுண்டுவிரல் நுழைந்தால் எலி நுழையும்" என்றாள்
ஹார்டுவேர் கடை டார்லீன்.
நுரை டப்பா இரண்டு, ஸ்டீல் நார் ஒரு பொட்டலம்.
"முதலில் நாரைத் திணி, அப்புறம் நுரை.
வெறும் நுரையை அது கேக் மாதிரித் தின்னும்."
கையுறை வேண்டுமா என்று கேட்டாள்.
வேண்டாம் என்றேன்.
அந்த மாதம் எதைக் கேட்டாலும்
வேண்டாம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

டார்ச்சைப் பல்லில் கவ்விக்கொண்டு
நிலவறையில் தவழ்ந்து எண்ணினேன். பதினொன்று.
தண்ணீர்க் குழாய் சுவரைத் துளைக்கும் இடம்,
எரிவாயுக் குழாயைச் சுற்றி ஒரு பிறை,
மீதி எல்லாம் ரெய்னோ போட்டவை.
டிஷ் கேபிளுக்கு ஒன்று.
தப்பான மூலை என்று தெரிந்தபின் இன்னொன்று.
பீர் குளிர்பெட்டிக்கு வயர் இழுக்க ஒன்று;
அது எந்தப் பக்கம் வெளிவந்தது என்று
அவனுக்கே தெரியாது.
ஆகஸ்டில் போகும்போது
டிஷ்ஷைக் கழற்றினான், கேபிளைச் சுருட்டினான்,
துளைபோடும் மெஷினைப் பெட்டியோடு எடுத்துக்கொண்டான்.
ஓட்டைகளை என் பங்குக்கு விட்டுப்போனான்.

டப்பாவில் எழுதியிருந்தது:
முப்பது வினாடி குலுக்கு. பாதி மட்டும் நிரப்பு.
மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும்.
பாதியில் நிறுத்தத் தெரிந்தவளா நான்?

குழலின் நுனியில் முதலில் ஓர் இருமல்.
பிறகு வெண்ணெய் நிறத்தில் ஒரு புழு
நெளிந்து, சுருண்டு, கண்ணெதிரே ஊதி,
பாக்களவு விட்டது பூசணியாய் நின்றது.
பிடித்திருந்தது எனக்கு.
கொடுத்ததைவிட அதிகமாய்த் திரும்பி வந்த பொருள்
இந்த வீட்டில் அது ஒன்றுதான்.

திறந்த டப்பாவை நாளைக்கென்று வைக்க முடியாது,
தொண்டை இறுகிவிடும்.
பதினொன்றும் முடிந்து மிச்சம் இருந்ததால்
காற்று சீட்டியடிக்கும் பின்கதவுச் சட்டத்தைச் சுற்றி
ஒரு சொட்டு விடாமல் பிதுக்கினேன்.
தூங்கப் போனேன்.
இரவு முழுக்கப் பனி விழுந்தது.
இரவு முழுக்க நுரை வளர்ந்தது.

காலையில் பின்கதவு திறக்கவில்லை.
சட்டத்தை ஒரு விரற்கடை உள்ளே தள்ளியிருந்தது நுரை.
முன்கதவோ மூன்று வருடம் முன்பு
ரெய்னோ வர்ணம் பூசியே ஒட்டிவைத்தது.
தபால் நிலையத்துக்குப் போன் செய்தேன்:
தாமதமாக வருவேன்,
கதவு என்னை விடமாட்டேன் என்கிறது.
அந்தப் பக்கம் ஒரு மௌனம்.
சமையலறை ஜன்னல் வழியே,
சீருடையோடு, முதலில் பூட்ஸ், பிறகு நான்.
எதிர்வீட்டு நாய் குரைக்கக்கூட இல்லை,
பார்த்துக்கொண்டே இருந்தது.

கவுண்டரில் தபால்தலை வாங்க வந்த பாதிரியார்
என் விரல்களைப் பார்த்து "மாவு பிசைந்தாயா?" என்றார்.
சோப்பு, பெட்ரோல், நகப்பூச்சு அழிக்கும் திரவம்,
எதற்கும் அசையவில்லை.
தோல் தானாய் உரிந்தால்தான் போகுமாம்.
பத்து நாள் ஆகுமாம்.

மூன்றாம் இரவு சுரண்டும் சத்தம்.
எழுந்து உட்கார்ந்தேன்.
வெளியிலிருந்து இல்லை.
குளிர்பதனப் பெட்டிக்குப் பின்னால், உள்ளே.

ஓட்டைகளை எண்ணினேனே தவிர
வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று எண்ணவில்லை.
எலி வளையானாலும் தனி வளை வேண்டும்தான்.
அதற்கும் அதே எண்ணம் இருந்திருக்கிறது.

விடிந்ததும் நிலவறையில் பார்த்தேன்.
பதினோராவது ஓட்டையின் கீழே
சோளரொட்டித் துகள் மாதிரி மஞ்சள் பொடி.
நுரையில் பல்தடம், என் பக்கத்தில்.
குடைந்து குடைந்து போய்
நான் திணித்த ஸ்டீல் நாரில் முட்டி நின்றிருக்கிறது.
எவ்வளவு நேரம் முயன்றது என்று
அந்தக் குழியின் ஆழம் சொன்னது.

"உள்ளேயா, வெளியேயா?" என்றாள் டார்லீன்.
உள்ளே.
பொறி இரண்டை எடுத்துக் கவுண்டரில் வைத்தாள்.
என் கைகளைப் பார்த்தாள்.
ஒன்றும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து பையைத் திறந்தால்
பொறிகளுக்கு அடியில் ஒரு ஜோடி கையுறை.
பில்லில் அது இல்லை.