நாற்பத்தொன்று

கப்டகாட்டில் காற்று கொஞ்சம் கருமி.
இரண்டாயிரத்து நானூறு மீட்டர் உயரத்தில்
மூச்சைப் பேரம் பேசித்தான் வாங்க வேண்டும்.
அதன் ரகசியம் எங்கள் ரத்தத்தில் இருக்குமென்று
டென்மார்க்கிலிருந்து வந்தார்கள்,
குளிர்பெட்டியும் அளவுநாடாவுமாக.

கெண்டைக்காலைச் சுற்றி நாடா பிடித்தவள் நான்.
ஊசி குத்தியவள் நான்.
"சின்ன வயதில் எவ்வளவு தூரம் ஓடிப் பள்ளிக்குப் போனாய்?"
என்பதை எங்கள் பேச்சில் கேட்டவளும் நான்தான்.
"பஸ்ஸில் போனேன்" என்றான் ஒருவன்.
டாக்டர் ஸ்கோவின் முகம் வாடிப்போயிற்று.

ஒப்பிட்டுப் பார்க்க ஓடாதவர்களும் வேண்டுமாம்.
முட்டைக்கோஸ் விற்பவன் வந்தான்,
பெட்ரோல் பங்க் பையன் வந்தான்.
ஒரு ஆள் குறைந்தது.
காலையில் தின்ற உகாலி வயிற்றில் கனக்க
என் கையை நானே நீட்டினேன்.
குப்பியில் எண் ஒட்டினேன்: நாற்பத்தொன்று.

மூன்று மாதம் கழித்துத் திரையில் டாக்டர்.
அவர் முதுகுக்குப் பின்னால் ஜன்னலில் பனி.
"நாற்பத்தொன்று யார்? எந்த முகாமில் ஓடுகிறாள்?"
பட்டியலைத் தேடுவதுபோல்
கொஞ்ச நேரம் தேடினேன்.

அவர்கள் பார்த்த இருபது இடங்களில்
பதினேழில் எனக்கு நல்ல எழுத்து.
பிறக்கும்போதே தாயம் விழுந்திருக்கிறது.
நான்தான் காயை நகர்த்தவே இல்லை.

பத்தொன்பதாம் எண், ஜெப்டனுய்.
பிறந்ததும் மூச்சுப் பேச்சில்லாமல் கிடந்தவள்,
அதற்காகவே அந்தப் பெயர்.
அவளுக்கு ஆறு.
ஆறுதான்!
போன வருடம் முப்பதாவது கிலோமீட்டரில்
பதினோரு பேரை உதிர்த்துவிட்டு வந்த கால்களுக்கு.

"இதை வைத்து யாரையும் எடைபோட முடியாது"
என்றார் டாக்டர். மூன்று முறை சொன்னார்.

அன்று சாயங்காலம்
ஆளில்லாத காட்டுப் பாதையில் ஓடிப் பார்த்தேன்.
செம்மண், யூகலிப்டஸ், சுமையோடு ஒரு கழுதை.
இரண்டாவது வளைவில் விலாவில் பிடித்துக்கொண்டது.
பதினேழு எழுத்தும் குனிந்து
முழங்காலைப் பற்றிக்கொண்டு இளைத்தன.
கழுதை என்னைத் தாண்டிப் போயிற்று.
அவசரமே இல்லாமல்.

செவ்வாய்க்கிழமை ஜெப்டனுய் கிளினிக்குக்கு வந்தாள்.
கட்டைவிரல் நகம் மறுபடி கழன்றிருந்தது.
"என் ரத்தத்தில் என்ன இருந்ததாம்?"
ஞாயிறு அவளுக்கு லிஸ்பனில் ஓட்டம்.
ஸ்பிரிட் புட்டியின் மூடி திறக்க மறுத்தது,
அல்லது நான் திறக்கவில்லை.
"பெரிதாக ஒன்றும் இல்லை" என்றேன்.
அதில் எவ்வளவு பொய், எவ்வளவு உண்மை
என்று இன்னும் கணக்குப் பார்க்கவில்லை.

"அதைச் சொல்லவா இவ்வளவு தூரம் வந்தார்கள்?"
சிரித்தாள். சிரிப்பு பாதியில் சுளித்தது,
நகமில்லாத விரல் ஷூவுக்குள் நுழைந்தபோது.
வெளியே தூறல்.
எல்டோரெட் பக்கம் போகிற வண்டி ஒன்று நின்று
ஏறுகிறாயா என்று ஹாரன் அடித்தது.
கையை அசைத்து அனுப்பிவிட்டு
கடிகாரத்தின் பொத்தானை அழுத்தினாள்.