கொருக்குப்பேட்டை சிக்னல்

ஆட்டோவுக்கு இருநூற்று எண்பது.
கேட்டில் மாட்டி இருபது நிமிடம்.
குறுக்கே போன சரக்கு வண்டிக்கு
நூற்றிரண்டு பெட்டி என்றான் எபி.
அவனுக்குப் பதினாறுக்கு மேல் எண்ணத் தெரியாது.

பைக்கில் பெட்டியோடு பின்னால் வந்தவர்
தண்ணீர் பாட்டில் வாங்கப் போனார்.
வண்டி நகர்ந்தபின்
பிளாட்பாரத்தோடு ஓடி வந்தார்.
கம்பிக்கு வெளியே நீண்ட பாட்டில்
என் விரலைத் தொட்டுவிட்டு
அவரோடேயே நின்றுவிட்டது.

ஆர்.ஏ.சி. சீட்டு.
பக்கவாட்டுக் கீழ்ப்படுக்கையில் பாதி எனக்கு.
அந்தப் பாதியில்
ஆறு வயது, நாலு வயது,
ஒரு கூடை, எலுமிச்சை சாதம்,
அக்கா கேட்ட நாலு கிலோ வஞ்சிரக் கருவாடு.
மீதிப் பாதிக்காரன்
மணலியில் வெல்டிங் வேலை பார்க்கும் பையன்.
கருவாட்டை முகர்ந்தான்,
பிள்ளைகளைப் பார்த்தான்,
போர்வையை உருவிக்கொண்டு
கதவோரம் போய் உட்கார்ந்துவிட்டான்.
போகும்போது எபியின் கன்னத்தைக் கிள்ளினான்.

பேசின் பிரிட்ஜ் தாண்டியதும்
ஒண்ணுக்கு வருது என்றாள் ஜெசிந்தா.
திரும்பி வந்ததும்
எனக்கும் என்றான் எபி.
இரண்டாவது முறை கழிவறைக் கதவைப் பிடித்தபடி
நான் நிற்கையில்
வண்டி பெருமூச்சு விட்டு நின்றது.

அஞ்சு நிமிடம். பத்து நிமிடம்.
நாற்பதாவது நிமிடத்தில்
ஜெசிந்தா கம்பியில் நெற்றி வைத்துச் சொன்னாள்:
“ம்மா, நம்ம வீடு.”

தூக்கக் கலக்கம் என்று நினைத்தேன்.
குனிந்து பார்த்தால்
ஹவுசிங் போர்டின் முதுகு.
இரண்டாவது மாடி, மூன்றாவது ஜன்னல்,
என் பச்சை நைட்டி கொடியில்.
அடுக்களை விளக்கு எரிகிறது.

“அதுக்குள்ள வந்துட்டமா?” என்றான் எபி.
“பெரியம்மா வீடு எங்க?”

“உள்ள யாரும்மா இருக்காங்க?”
“யாரும் இல்லடி. லைட்ட அணைக்காம வந்துட்டேன்.”
அவள் நம்பவில்லை.
தினமும் ராத்திரி அந்த ஜன்னலில் ஏறி நின்று
போகிற வண்டிக்கெல்லாம் கை காட்டுகிறவள்.
ஒருவரும் திருப்பிக் காட்டியதில்லை என்று
ஒருநாள் அழுதிருக்கிறாள்.
இப்போது கம்பிக்கு வெளியே முழங்கை வரை நீட்டி
அந்த வெளிச்சத்துக்குக் கை காட்டினாள்,
அங்கே நின்று யாரோ ஏமாந்துவிடக் கூடாது என்பதுபோல்.

தொலைவில் கேட்டில் ஹாரன் சத்தம்.
எத்தனை ராத்திரி அங்கே நின்று
போற வண்டியின் ஆத்தாளைத் திட்டியிருக்கிறேன்.
இன்று என்னை யார் யார் திட்டுகிறார்களோ.

அப்போது ஜன்னலில் ஓர் உருவம் வந்தது.
சட்டையைக் கழற்றி விசிறிக்கொண்டு.
போன் போடலாம் என்று கூடைக்குள் கைவிட்டேன்,
கருவாட்டுக்கும் பிஸ்கட்டுக்கும் கீழே
எங்கோ கிடந்தது அது.
“ப்பா! ப்பா!”
இருவரும் கத்தியதில்
எதிர் படுக்கையில் ஒரு போர்வை தெலுங்கில் வைதது.

அவருக்குக் கேட்கவில்லை.
பிறந்ததிலிருந்து வண்டி ஓடும் காது,
நின்ற வண்டியை எதற்குத் திரும்பிப் பார்க்கப் போகிறது?
பாட்டிலைத் திருகினார்.
அண்ணாந்து
எங்கள் தண்ணீரை
முழுவதுமாகக் குடித்தார்.

“நம்ம தண்ணி,” என்றாள் ஜெசிந்தா,
புகாராக இல்லை,
அடையாளம் சொல்வதுபோல்.

விளக்கு அணைந்தது.
நான் மறந்ததை அணைத்திருக்கிறார்,
நாளைக்குப் போனில் ஒரு பாட்டு கிடைக்கும்
கரண்ட் பில்லைப் பற்றி.

வண்டி அசைந்தது.
எண்ணூர்ப் புகை மூக்கில் ஏறும் முன்பே
எபி என் மடியில், வாய் திறந்து,
அவள் என் காலில்.
மணலிப் பையன் வந்து
ஒன்றும் பேசாமல்
தன் பாட்டிலை என் பக்கம் நகர்த்தி வைத்தான்.
பாதிதான் இருந்தது.