தொக்கம்

சாப்பாடு இறங்குகிறது.
நேற்றுப் பந்தியில் ஒரு சீயத்தை
மென்றும் மெல்லாமலும் விழுங்கினேன்,
சோதித்துப் பார்க்கத்தான்.
வழுக்கிக்கொண்டு போனது.
எச்சில்தான் போகமாட்டேன் என்கிறது.

குரல்வளைக்குக் கொஞ்சம் கீழே
ஒரு புளியங்கொட்டை.
சில நாள் கோலிக்குண்டு.
மாதக் கடைசியில், இருப்பெடுக்கும் வாரத்தில்,
எலுமிச்சை.

காரைக்குடி கல்லுக்கட்டியில்
எவர்சில்வர் கடைக் கணக்கு எனக்கு.
தூக்கு இத்தனை, அண்டா இத்தனை என்று
வாய்விட்டுக் கூட்டுவேன்.
இப்போது ஒவ்வொரு தொகைக்கும் முன்னால்
ஒரு கனைப்பு.
ஏணிமேல் இருந்தபடி அடைக்கலம்
'அக்கா, கூப்பிட்டீங்களா?' என்பான்,
நாளைக்கு நூறு தரம்.

நான் நினைத்த நோயின் பெயரை
இங்கும் எழுதவில்லை.
சின்ன அத்தான் சீராளனுக்கு
இப்படித்தான் ஆரம்பித்ததாம்.
ராத்திரி கண்ணாடிமுன் வாயைப் பிளந்து
செல்போன் வெளிச்சம் அடிப்பேன்.
உள்நாக்கு ஆடும்.
அதற்கப்பால் இருட்டு.

தேவகோட்டை ரோட்டில் தொக்கம் எடுப்பவரிடம்
கூட்டிப்போனாள் ஓரகத்தி உமையாள்.
கழுத்தில் குழல் வைத்து உறிஞ்சி
இலைத்துண்டில் துப்பிக் காட்டினார்:
ஒரு தலைமுடி, ஒரு கறித்துணுக்கு.
நான் கறி தின்று பதினொரு வருஷம்.
இருநூறு ரூபாய் கொடுத்தேன்.
பஸ் ஏறும்வரை
நிஜமாகவே இல்லை அது.

'மனசுல வச்சிருக்கறதச் சொல்லிரு,
சொல்லாததுதான் அடைக்கும்' என்றாள் உமையாள்.
சொன்னேன்.
கோயமுத்தூருக்குப் போன் போட்டு
தம்பி சாத்தப்பனிடம்
மூன்று வருஷமாய்க் கேட்காத மூன்று லட்சத்தை,
கேட்க நினைக்காததையும் சேர்த்து.
அவன் அழுதான். நானும்.
அழுகை நின்றது.
புளியங்கொட்டை நின்ற இடத்திலேயே நின்றது.
பணமும் வரவில்லை.

டாக்டர் ஜெரினா
மூக்கு வழியே கேமரா விட்டார்.
திரையில் என் தொண்டை,
சங்கின் உட்புறம்போல் ஈரமாய், ரோஸ் நிறத்தில்.
'பாருங்க, காலி.'
எனக்கு ஏனோ கோபம் வந்தது.
காலியிடத்துக்கா ஆறு மாதம் வாடகை?

'நீங்க பொய் சொல்லலம்மா.
உணர்ச்சி நிஜம். உருண்டைதான் இல்ல.
வயித்துப் புளிப்பு ராத்திரி மேல வருது.
உள்ள ஒரு வளையத் தசை,
கவலைப்பட்டா இறுகும், கனைச்சா இறுகும்,
இருக்கா இருக்கான்னு வெறுவாயில விழுங்கினா
இன்னும் இறுகும்.
சோறு வந்தா அதுக்கு வேலை வந்துருது, தளர்ந்துக்குது.
சோறே சிக்கினா, எடை குறைஞ்சா,
ரத்தம் வந்தா, ஒரு பக்கமா வலிச்சா
அது வேற. அன்னைக்கே வாங்க.'

காலையில் வெறும்வயிற்றில் ஒரு மாத்திரை.
ராத்திரிச் சாப்பாடு ஏழரைக்குள்.
கடை அடைப்பதே எட்டரைக்கு;
கல்லாவுக்குப் பின்னால் இடம் ஒதுக்கித் தந்தான் அடைக்கலம்.
கனைப்பு வந்தால் ஒரு மிடறு தண்ணீர்.
கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கடியில்
வீடு கட்டியதில் மிஞ்சிய ஆத்தங்குடிக் கல்,
காலுக்கு ஏழு.
விடியும்போது சறுக்கிக்
கால்மாட்டில் கிடப்பேன்.

பிறகு ஸ்ட்ரா.
டம்ளர் தண்ணீரில் நுனியை முக்கி
'ஊ' என்று ஊதவேண்டும், குமிழி வர.
விற்பனை அண்டாக்களுக்கு நடுவே உட்கார்ந்து ஊதினேன்.
அவையும் கூடவே முனகின.
சீர்ப் பாத்திரம் எடுக்கவந்த கல்யாண வீட்டார்
இது ஏதோ தரம் பார்க்கும் முறை என்றெண்ணி
அதே டம்ளரில் ஆறு டஜன் கேட்டார்கள்.

எந்தத் தேதியில் குறைந்தது என்று கேட்காதீர்கள்.
கணக்குக்காரியிடமே குறிப்பில்லை.
கோட்டையூர் கேட்டில் பஸ் நின்றிருந்தது.
தாடை கழன்றுவிடும்போல் ஒரு கொட்டாவி.
அது முடிந்த பிறகே உறைத்தது,
மத்தியானத்திலிருந்து நான் தேடவே இல்லை என்று.

உறைத்ததும் தேடினேன்.
இருந்தது, ஒரு மிளகளவு.

ரயில் வந்தது.
பெட்டிகளை எண்ணினேன், வாய்விட்டு.
பதினேழு.
முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.