ஒன்று முதல் ஐந்து வரை

கொதிகலனுக்கு நேர்மேலே உள்ள அறையைப்
பிரசவப் பிரிவு எடுத்துக்கொண்டதால்
நிர்வாகி புருலாய் எசெங்குலோவா
மேலங்கியைக் கழற்றாமல் எதிரே உட்கார்ந்திருந்தார்.
நானும் கழற்றவில்லை.
பிஷ்கெக்கிலிருந்து நாரினுக்கு ஏழு மணி நேரம், பனியில்.
கையில் நாற்பத்திரண்டு கேள்விகள்,
ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை.
பென்சில்தான். பேனா மை உறைந்துவிடும் என்று
அலுவலகத்தில் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

தலைமைப் பண்பு, என்று தொடங்கினேன்.
போன் அடித்தது.
நிலக்கரி லாரி கணவாய்க்கு அந்தப் பக்கம் நிற்கிறதாம்.
ஓட்டுநரின் அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி என்று
நிதானமாக விசாரித்தார்.
பிறகு அதே குரலில்,
நாளை காலை வரைதான் கரி இருக்கிறது என்றார்.
நான்கு போட்டேன்.

பணியாளர்களை வளர்த்தெடுத்தல்.
"மூன்று பேரை வளர்த்தேன்.
மயக்க மருந்து நர்ஸ் ஒருத்தி
இப்போது மாஸ்கோவில் மாடிப்படி கழுவுகிறாள்,
மூன்று மடங்கு சம்பளம்.
இதற்கு எத்தனை?"
பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தேன்,
ஏற்கனவே கூராக இருந்த பென்சிலை.

நிதி மேலாண்மைக்கு வந்தபோது
கணக்கேட்டை என் பக்கம் திருப்பித் தள்ளினார்.
ஒரு சோம் பிசகவில்லை.
சட்டியில் இருந்ததே கொஞ்சம்;
அகப்பை சுரண்டிய சத்தம்கூடக் கேட்காமல்
பரிமாறியிருந்தார்.
ஐந்து எழுதப் போனேன்.

"வேண்டாம்.
ஐந்து போட்டால், இவளே பார்த்துக்கொள்வாள் என்று
விட்டுவிடுவார்கள்.
இரண்டோ அதற்குக் கீழோ வந்தால்
ஒரு கணக்காளரை அனுப்பியாக வேண்டும்.
உங்கள் விதிமுறைதான். பக்கம் பதினொன்று."

அந்தப் பக்கத்தை நான் வாசித்ததே இல்லை.
அங்கேயே வாசித்தேன்.
இருந்தது.

சரி, உண்மையில் உங்களுக்கு எதில் குறை,
என்று கேட்டேன், தாளில் இல்லாத கேள்வி.
கொஞ்ச நேரம்
ரேடியேட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
"நவம்பரில் ஆக்சிஜன் உருளைகளை
நான் எண்ணவில்லை. கையெழுத்து மட்டும் போட்டேன்.
பதினாறு என்று எழுதியிருந்தது.
பதினொன்று இருந்தது."
மேலே சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.
இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று
தாளைப் புரட்டினேன்.
"இடர் மேலாண்மை," என்றார்,
"முப்பத்தொன்றாவது கேள்வி."

புறப்படும்போது காரின் பின் இருக்கையில்
ஒரு பெட்டி ஏறியிருந்தது.
பனிக்கட்டிக்குள் எட்டு இரத்த மாதிரிகள்.
ஆய்வுக்கூடம் உங்கள் அலுவலகத்திலிருந்து
இரண்டே தெரு, என்றார்.
கேட்கவில்லை; தகவலாகச் சொன்னார்.

பெட்டி குலுங்கியதால்
மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன்.
டோலோன் கணவாயில் லாரி எதிரே வந்தது,
கரியின் மேல் ஒரு முழம் பனி.
எங்கள் டிரைவர் ஒதுங்கி வழிவிட்டார்.

பெட்டிக்கு அடியில் படிவம்.
ஓரத்திலிருந்து ஈரம் ஏறிக்கொண்டிருக்கிறது.
முப்பத்தொன்றில் ஒன்று போட்டுவிட்டேன்,
அவர் பார்க்கும்போதே.
நிதிக்கு நேரே மட்டும்
இன்னும் எதுவும் எழுதவில்லை.