நாற்பத்தோராம் டிரம்

பெங்களூரா சீசன். ராத்திரி இரண்டரை.
காவேரிப்பட்டணத்துக் கூழ் ஆலையில்
என் மேசைக்கு மட்டும் மாம்பழ வாசனை கிடையாது.
பீக்கரில் ஒரு சொட்டு அமிலம் விட்டால் போதும்,
யாரோ தீக்குச்சி உரசின மாதிரி
மூக்கின் உள்பக்கம் எரியும்.
கூழைக் காக்க வந்த கந்தகம் அது.

நகத்தளவு பட்டை. அதில்
கரியால் அச்சடித்த கறுப்பு வட்டம், பக்கத்தில் வெள்ளிக் கோடு.
விலை நூற்று எண்பது, ஒரு தடவைக்குத்தான்.
வடிகட்டி, நீர்த்து, ஒரு சொட்டு வைக்கிறேன்.
கருவி மின்னழுத்தத்தைக் கொஞ்சங்கொஞ்சமாய் ஏற்றுகிறது.
எதற்கும் அதற்கென்று ஒரு வோல்ட் உண்டு,
அதுவரை
எவ்வளவு கேட்டாலும் வாய் திறக்காது.
திறந்தால்
சொல்லும்போதே வேறொன்றாய் மாறிப்போகும்.

சிக்கல் என்னவென்றால்
பழத்தின் சொந்த வைட்டமின் சி
சல்பைட்டுக்கு அடுத்த வீட்டிலேயே குடியிருக்கிறது.
இரண்டும் சேர்ந்து பேசினால் திரையில் ஒரே மேடு.
ஒரு துளி ஃபார்மலின் விட்டால்
சல்பைட் மட்டும் வாயை மூடிக்கொள்ளும்.
மிச்சம் பேசுவது பழம்.
கழித்துக்கொள்ள வேண்டியதுதான்.

அறுநூற்றுப் பன்னிரண்டு.
முந்நூறைத் தாண்டக் கூடாது.

"பட்டை கெட்டிருக்கும்மா, இன்னொண்ணு வை"
என்றார் சூப்பர்வைசர்.
வைத்தேன். அறுநூற்று ஐந்து.
இன்னொன்று. அறுநூற்றுப் பதினெட்டு.
வெளியே உறுமிக்கொண்டிருந்த கண்டெய்னர் லாரி
இன்ஜினை அணைத்தது.

மருந்து போடுகிற திம்மராயன் வந்து நின்றார்.
மூக்கில் கட்டிய துண்டை இறக்காமலே கேட்டார்:
"போட்டது யாருன்னு சொல்லுமா இது?"
சொல்லாதுண்ணே, எவ்வளவுன்னு மட்டும்தான்.

கையில் கேன்டீன் டம்ளர்.
அளவு டம்ளர் திங்கட்கிழமை காணாமல் போயிருக்கிறது.
ஸ்டோரில் கேட்டிருக்கிறார்,
"இருக்கறத வெச்சு ஓட்டு" என்றிருக்கிறார்கள்.
அவர் கேட்டதை யாரும் எந்த நோட்டிலும் எழுதவில்லை.
என் நோட்டில் 'காரணம்' என்று ஒரு கட்டம்,
தபால்தலை அகலம்.
"டம்ளர்" என்று எழுதினேன்.
பக்கத்திலேயே, கோட்டைத் தாண்டி,
"ஸ்டோரில் கேட்டார்" என்றும் எழுதினேன்.

என் தராசில் சரியான எடையை நிறுத்து
அவர் டம்ளரில் கொட்டிக் காட்டினேன்.
பாதிக்கும் வரவில்லை.
ஆணியால் அந்த இடத்தில் ஒரு கோடு கீறினார்.
கீறிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"இவ்ளோதானா" என்றார்.
அப்புறம் நெடுநேரம் இருமினார்.

நாற்பத்தொன்றுக்கு ஒன்று சோதிப்பது வழக்கம்.
இந்த ஒன்று மாட்டியது.
திங்கள் முதல் மூடி வைத்த நாற்பது
கோடவுனில் வரிசையாய் நிற்கின்றன.
பெட்டியில் ஏழு பட்டை.

சூப்பர்வைசர் போனை எடுத்துக்கொண்டு
வெளிச்சமில்லாத பக்கமாய் நடந்தார்.
நான் டார்ச்சை எடுத்தேன்.
திம்மராயன் ஸ்பேனரோடு பின்னால் வந்தார்.
எந்த டிரம்மிலிருந்து தொடங்க என்று
இரண்டு பேருக்குமே தெரியவில்லை.